சிவப்பாக இருந்தால் மகோகனியா?

சினிமாப் பாட்டுக் கேட்கும்போது பாடகரின் குரல் காதில் விழுகிறது. வயலின் விழுகிறது. புல்லாங்குழல் விழுகிறது. இவற்றுக்கெல்லாம் அடியில் 'தும்... தும்... துத்தும்' என்று ஒரு கனத்த நாதம் போய்க்கொண்டே இருக்கும். அதை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. நிறுத்திவிட்டால்தான் அதன் அருமை தெரியும். பாட்டு, கால் உடைந்த நாற்காலி போல ஆகிவிடும்!

அந்த நாதத்தைத் தருவது பேஸ் கிதார். பெரும்பாலும் அதில் நான்கு கம்பிகள் இருக்கும். நான்கும் தடித்த கம்பிகள். கம்பிகளுக்குக் கீழே காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் வைத்த ஒரு பெட்டி உண்டு. அதற்குப் பெயர் 'பிக்கப்'. கம்பியின் அதிர்வை அது மின்சாரமாக மாற்றும். ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்கும்.

பேஸ் கிதாரின் உடலில் மூன்று வகை உண்டு. முழுக்கக் கட்டையாக இருப்பது ஒன்று. வீணைக் குடம் போல உள்ளே வெற்றிடமாக இருப்பது இன்னொன்று. மூன்றாவது வகைதான் விசித்திரமானது. வெளியே பார்த்தால் அது கூடு. வயலினில் இருப்பது போல, மேலே இரண்டு வளைந்த துளைகள் இருக்கும். ஆனால் உள்ளே, நடுவில் மட்டும், கழுத்தில் இருந்து அடி வரை ஒரு கட்டை ஓடும். அதற்கு இரண்டு பக்கமும் வெற்றிடம். பாதி கூடு, பாதி கட்டை!

இந்தப் பாதிக்கூட்டு பேஸ் கிதாரைப் பற்றி அமெரிக்காவிலும், ஐரோப்பாவிலும், ஜப்பானிலும் ஒரு கேள்வி ஓயாமல் கேட்கப்படுகிறது.

"இது என்ன மரம்?"

கேள்வி சின்னது. அதன் பின்னால் இருக்கும் பணம் பெரிது. 'மகோகனி' என்றால் ஒரு விலை. 'மேப்பிள்' என்றால் ஒரு விலை. 'பிளைவுட்' என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு விலை!

விற்கிறவர் மரத்தின் பெயரை உள்ளபடி சொல்ல வேண்டும். பிளைவுட் என்றால் பிளைவுட் என்று கூச்சம் இல்லாமல் சொல்ல வேண்டும். பழைய கிதார்ச் சந்தையில் அப்படிச் சொல்லுகிறவர்கள் குறைவு. இதற்கு விற்கிறவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. 'பிளைவுட்' என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறாரே, வாங்க வந்தவர், அவருக்கும் இந்தப் பொய்யில் பங்கு உண்டு.

பரண் மேல் ஒரு பெட்டி

அமெரிக்காவில் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளலாம். தாத்தா இளமையில் நடன மண்டபங்களில் பேஸ் கிதார் வாசித்தவர். அவர் காலமாகிவிட்டார். பரணில் இருந்து ஒரு நீளப் பெட்டி இறங்குகிறது. உள்ளே செர்ரிப் பழச் சிவப்பில் ஒரு கிதார். பாட்டிக்கு அது கண்ணீர். பேரனுக்கு அது கல்லூரிச் சம்பளம்.

பேரன் அதை வாத்தியம் பழுது பார்க்கும் பெரியவரிடம் எடுத்துப் போகிறான்.

"ஐயா, இது மகோகனிதானே?"

"எதை வைத்துச் சொல்லுகிறாய்?"

"சிவப்பாக இருக்கிறதே!"

"தம்பி, சிவப்பு வார்னிஷில் இருக்கிறது. மரத்தின் நிறம் உனக்கும் தெரியாது. எனக்கும் இன்னும் தெரியாது. அந்த டார்ச் லைட்டை எடு."

இது கற்பனைப் பேச்சு. ஆனால், இப்படிப் பேசும் பெரியவர் கிடைத்த குடும்பம் அதிர்ஷ்டம் உள்ள குடும்பம். கிடைக்காத குடும்பத்தில் என்ன நடக்கும்? 'அசல் மகோகனி' என்று எழுதி விற்பார்கள். வாங்கியவர் ஒரு நாள் திருகாணியைக் கழற்றிப் பார்ப்பார். சண்டை வரும். அல்லது இதற்கு நேர்மாறாக நடக்கும். 'வெறும் பிளைவுட் பெட்டி' என்று யாரோ சொல்லிவிட, அருமையான கிதாரைப் பழைய சாமான் விலைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு கிதார், ஐந்து மரம்

இந்த வகையில் பேர் பெற்றது கிப்சன் கம்பெனியின் 'இ.பி.-2'. இது 1958-ம் ஆண்டு வெளிவந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் கலமசூ என்ற ஊர் இருக்கிறது. அங்கே இருந்த தொழிற்சாலையில் இது தயாரானது. அதே ஆண்டில் அதே கம்பெனி வெளியிட்ட 'இ.எஸ்.-335' என்ற ஆறு கம்பிக் கிதாரின் தம்பி இது. இரண்டுக்கும் உடல் அமைப்பு ஒன்றே. சுமார் 16 அங்குல அகலம். பருமன் சுமார் ஒன்றே முக்கால் அங்குலம்.

இதன் உடல் என்ன மரம்?

மேல் பலகையும் கீழ்ப் பலகையும் பிளைவுட். வெளியே மெல்லிய மேப்பிள் தகடு. நடுவில் பாப்லர் மரத் தகடு. உள் பக்கம் மறுபடியும் மேப்பிள். இவற்றைப் பசை தடவி, அச்சில் அழுத்தி, வளைவு கொடுத்திருக்கிறார்கள். நடுவில் ஓடும் கட்டை மேப்பிள். மேல் பலகை வளைந்தது, கட்டை தட்டையானது. இடையில் சந்து விழும் அல்லவா? அந்தச் சந்தை அடைக்க ஸ்புரூஸ் மரத்தில் ரம்பத்தால் கீறிய பட்டைகளை ஒட்டினார்கள். கழுத்து மகோகனி. விரல் வைத்து வாசிக்கும் பலகை ஈட்டி மரம்.

எண்ணிப் பார்த்தால் ஐந்து மரம்! 'இது என்ன மரம்' என்று ஒருமையில் கேட்பதே தவறு. துளை வழியாக எட்டிப் பார்த்தவர் ஸ்புரூஸ் பட்டையைக் கண்டு 'இது ஸ்புரூஸ் கிதார்' என்பார். கழுத்தைப் பார்த்தவர் 'மகோகனி' என்பார். யானையைத் தடவிப் பார்த்தவர்களின் கதைதான்!

பிளைவுட்டைக் காசு மிச்சம் பிடிக்கப் போட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கிதாரில் அதற்கு வேலை இருக்கிறது. கலியாண வீட்டில் மைக்கை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் 'கூ...' என்று ஊளையிடும். முழுக் கூடான மின்சாரக் கிதாரும் அப்படித்தான். ஒலிபெருக்கியின் சத்தம் கூட்டை அதிர வைக்கும். கூடு கம்பியை அதிர வைக்கும். கம்பி மறுபடி ஒலிபெருக்கிக்குச் சத்தம் அனுப்பும். முடிவில் ஊளை! அதை அடக்கத்தான் நடுக்கட்டை வந்தது. குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட், தனிப் பலகையைவிட விறைப்பானது. எளிதில் வெடிக்காது; கோணாது. பனிக்காலத்தில் சுருங்கி, கோடையில் உப்பி, ஒட்டு விட்டுப்போகும் தொல்லையும் குறைவு.

அறிந்தே, காரணத்தோடு போட்ட பிளைவுட் அது. அதைச் சொல்ல ஏன் கூச்சம்?

சரி, கிதாரின் பெயர் தெரிந்தால் மரமும் தெரிந்துவிடும் அல்லவா? அப்படியும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் கில்டு என்ற கம்பெனி 'ஸ்டார்பயர்' என்ற பாதிக்கூட்டு பேஸ் கிதாரை 1965-ல் விற்கத் தொடங்கியது. அந்தப் பெயரில் மேப்பிள் பிளைவுட் உடலும் உண்டு; மகோகனி பிளைவுட் உடலும் உண்டு. பெயர் ஒன்று, மரம் இரண்டு.

பிலிப்பைன் தீவின் 'மகோகனி'

மரத்தின் பெயரில் நடக்கும் குழப்பம் கிதாரோடு பிறந்தது அல்ல. அதற்கு நூறு ஆண்டுச் சரித்திரம் உண்டு.

உண்மையான மகோகனி, அமெரிக்கக் கண்டத்து மரம். மேற்கிந்தியத் தீவுகளிலும், மத்திய அமெரிக்காவிலும், தென் அமெரிக்காவிலும் வளர்வது. கட்டிலும் அலமாரியும் செய்ய வெள்ளைக்காரர்கள் அதை வெட்டித் தள்ளினார்கள். விலை ஏறியது. அந்த நேரத்தில் பிலிப்பைன் தீவுகளில் இருந்து 'லவான்' என்ற மரம் கப்பல் கப்பலாக வந்தது. அதுவும் செம்பழுப்பு. அதுவும் இழைக்க எளிது. விலையோ மலிவு.

லவான், மகோகனிக்கு உறவு அல்ல. அது சால் மரத்தின் இனம். குங்கிலியம் என்று தமிழ் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கிறார்களே, அந்தப் பிசினைத் தரும் இனம். வியாபாரிகள் அதற்கு 'பிலிப்பைன் மகோகனி' என்று பெயர் சூட்டினார்கள். பிறகு 'பிலிப்பைன்' என்ற சொல் மெல்ல நழுவியது. 'மகோகனி' மட்டும் மிஞ்சியது!

அமெரிக்க சர்க்காரின் வணிக ஆணையம் 1920-களில் இதில் தலையிட்டது. வெறும் 'மகோகனி' என்று சொல்லி லவானை விற்பது வாங்குகிறவரை ஏமாற்றுவது என்றது. கடைசியில், 'பிலிப்பைன்' என்ற சொல்லைச் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்று முடிந்தது. அரைக் கிணறு தாண்டிய தீர்ப்புதான். ஆனாலும், வாங்குகிறவருக்கு ஒரு எச்சரிக்கையாவது கிடைத்தது.

1960-களில் உலகம் முழுவதும் கிதார்ப் பைத்தியம் பிடித்தது. ஜப்பானில் இருந்து மலிவு விலைக் கிதார்கள் கப்பலேறின. அவற்றில் பலவற்றுக்கு லவான் உடல். ஜப்பானில் மட்சுமோட்டோ என்ற ஊரில் மட்சுமோக்கு என்ற மரவேலைக் கம்பெனி இருந்தது. அது 1951-ல் தொடங்கியது. தையல் மெஷினை வைக்கும் மரப்பெட்டி செய்வதில் பேர் வாங்கியது. பிறகு கிதார் செய்தது. பெட்டி செய்த கைகளுக்குப் பிளைவுட்டும் வினீரும் தண்ணீர் பட்ட பாடு. 1987-ல் மூடப்பட்ட அந்தத் தொழிற்சாலையின் கிதார்களை இன்று பலர் தேடி வாங்குகிறார்கள். மட்டமான மரம் என்று யாரும் அவற்றை வீசி எறியவில்லை.

எப்படிப் பார்ப்பது?

முதல் விதி: சுரண்டக் கூடாது!

இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். ஆவலை அடக்க முடியாமல் உப்புத்தாளை எடுத்து ஒரு மூலையில் தேய்த்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய கிதாரின் வார்னிஷ் போனால் விலை பாதியாகக்கூடக் குறையும். மேல் தகடு வினீராக இருந்தால் இன்னும் மோசம். தாள் போல மெல்லிய மரம் அது. நாலு தடவை தேய்த்தால் அடுத்த அடுக்கு பல்லை இளிக்கும். அறிந்துகொள்ளப் போய் அழித்ததுதான் மிச்சம்.

பாதிக்கூட்டு கிதாரில் பார்ப்பதற்கு இடம் தயாராகவே இருக்கிறது. மேலே உள்ள இரண்டு வளைந்த துளைகள்தான் அவை. துளையின் விளிம்பை நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் போதும். வெட்டுமுகத்தில் கோடு கோடாக மூன்று அடுக்கோ, ஐந்து அடுக்கோ தெரிந்தால் அது பிளைவுட். கோடு இல்லாமல் ஒரே மரமாக ஓடினால் தனிப் பலகை. விளிம்பில் கறுப்பு வர்ணம் பூசியிருந்தால் அதை நம்பக் கூடாது. வேறு இடம் தேட வேண்டும். உடலின் ஓரத்தைப் பார்த்துப் பயன் இல்லை. அங்கே வெள்ளைப் பட்டி ஒட்டி அடுக்கை மறைத்திருப்பார்கள்.

அடுத்தது டார்ச் லைட்டும், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியும். துளை வழியாக அதை உள்ளே விட்டு, கீழ்ப் பலகையின் உள் பக்கத்தைப் பார்க்க வேண்டும். பிறகு கிதாரைத் திருப்பி, அதே இடத்தை வெளிப் பக்கத்தில் பார்க்க வேண்டும். வெளியே ஒரு கணு இருந்தால் உள்ளேயும் அதே இடத்தில் கணு இருக்க வேண்டும். வெளியே புலிவரி, உள்ளே மொட்டை மரம் என்றால் இரண்டும் வேறு வேறு தகடுகள்.

இன்னும் தெரிய வேண்டுமா? கம்பிகளைத் தளர்த்திவிட்டு, பிக்கப்பின் திருகாணிகளைக் கழற்றித் தூக்கிப் பார்க்கலாம். ஒயர்கள் இருக்கும், இழுக்கக் கூடாது. பிக்கப் உட்காரும் பள்ளம், மேல் பலகையை வெட்டி நடுக்கட்டைக்குள் இறங்கியிருக்கும். அங்கே பெரும்பாலும் சரியாக வர்ணம் பூசியிருக்க மாட்டார்கள். மேலே அடுக்குகள், கீழே கட்டை என்று பாடப் புத்தகப் படம் போலத் தெரியும். தோள்வார் மாட்டும் குமிழைக் கழற்றினால் அந்தத் துளையிலும் பச்சை மரம் கொஞ்சம் தெரியும்.

புலிவரி மேப்பிள் என்று சொல்லி விற்பதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. குழந்தைகளும் செய்யலாம். கிதாரை வெளிச்சத்தில் மெல்லச் சாய்க்க வேண்டும். பட்டுச் சேலையை மடக்கினால் நிறம் மாறித் தெரிகிறதே, அதுபோல வரிகள் நகர வேண்டும். வெளிச்சமாக இருந்த வரி இருட்டாகும். இருட்டாக இருந்தது வெளிச்சமாகும். மரத்தின் நார் அலை அலையாக ஓடுவதால் இப்படித் தெரிகிறது. எப்படிச் சாய்த்தாலும் வரி அசையாமல் இருந்தால் அது அச்சடித்த படம்!

அச்சடித்த படமா என்று சிரிக்க வேண்டாம். 1990-களில் ஜப்பானில் தயாரான சில பெண்டர் கிதார்களில் மேப்பிளின் புலிவரியைப் படமாக அச்சிட்டே மேலே பூசினார்கள். அதற்கு 'போட்டோ பிளேம்' என்று பெயரும் வைத்தார்கள். 'போட்டோ' என்ற சொல் பெயரிலேயே இருக்கிறது. அதில் மோசடி என்ன இருக்கிறது? விரும்பியவர் வாங்கினார், விரும்பாதவர் விட்டார். இந்த நாணயத்தைத்தான் மற்ற வியாபாரிகளிடமும் கேட்க வேண்டி இருக்கிறது.

பூதக்கண்ணாடி சொல்லும் உண்மை

மரத்துக்கு நிறம் சாட்சி ஆகாது. சாயம் ஏற்றலாம், வெயிலில் மாறலாம். மரத்தின் உண்மையான கைநாட்டு அதன் குறுக்கு வெட்டில் இருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், மரம் தண்ணீர் குடித்த குழாய்களின் வாய் சிறு துளைகளாகத் தெரியும்.

மேப்பிளில் துளைகள் மிகச் சிறியவை. மாவு தூவியது போலப் பரவி இருக்கும். பர்ச் மரமும் ஏறக்குறைய இப்படித்தான். இரண்டையும் பலர் மாற்றிச் சொல்லுவார்கள். நடுவில் இருந்து வெளியே ஓடும் கதிர்க் கோடுகளைக் கவனித்தால் பிடிபடும். மேப்பிளில் பெரிய கதிர்க் கோடு ஏறக்குறைய துளை அளவு அகலம். பர்ச்சில் அது துளையைவிட ஒல்லி. ஆஷ் மரத்தில் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். ஸ்புரூசில் இந்தத் துளைகளே கிடையாது. அது ஊசியிலை மரம்.

மகோகனியா, லவானா? இதுதான் அதிகம் கேட்கப்படும் வழக்கு. இரண்டிலும் துளைகள் வெறும் கண்ணுக்கே தெரியும். மகோகனியில் வளர்ச்சி வளையத்தின் ஓரத்தில் மெல்லிய வெளிர் கோடு ஒன்று ஓடும். லவானில் அந்த ஓரக்கோடு கிடையாது. அதற்குப் பதில் பிசின் குழாய்கள் வரிசையாக நின்று, வெள்ளை நூல் பிடித்தது போலத் தெரியும். குங்கிலியத்தின் இனம் என்று சொன்னோமே, அந்தப் பிசின்தான் காட்டிக் கொடுக்கிறது!

ஆனால் மெல்லிய தகட்டில் குறுக்கு வெட்டு கொஞ்சம்தான் கிடைக்கும். அப்போது நிபுணரிடம் போவதே நல்லது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்து மேடிசன் நகரில், சர்க்காரின் வனப்பொருள் ஆராய்ச்சிச் சாலை 1910 முதல் இருக்கிறது. மரத் துண்டைப் பார்த்துப் பெயர் சொல்லுவதில் அது பேர் போனது.

அங்கே வேலை பார்த்த ஆர்தர் கோலர் என்பவர் ஒரு கொலை வழக்கிலேயே மரத்தைச் சாட்சி சொல்ல வைத்தார். விமான வீரர் லிண்ட்பர்க்கின் குழந்தை 1932-ல் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டது. கடத்தியவன் விட்டுப்போனது ஒரு ஏணி. கோலர் அந்த ஏணியின் பலகையில் இழைப்பு இயந்திரம் விட்ட தடத்தை ஆராய்ந்தார். அது எந்த ரம்ப ஆலையில் இழைத்தது, நியூயார்க்கில் எந்த மரக்கடைக்குப் போனது என்று தேடிக் கண்டுபிடித்தார். 1935-ல் கோர்ட்டில் சாட்சி சொன்னார். ஏணியின் ஒரு சட்டம், எதிரி ஹாப்ட்மன் வீட்டுப் பரண் பலகையோடு ரேகைக்கு ரேகை பொருந்துகிறது என்றார். எதிரிக்கு மரண தண்டனை கிடைத்தது. அந்த வழக்கைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் மரத்தின் சாட்சியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

நாதம் மரத்திலா?

இங்கே கிதார்க்காரர்கள் குறுக்கிடுவார்கள். "மரம் தெரிந்தால்தானே நாதம் தெரியும்? மகோகனி இனிமை, மேப்பிள் கணீர்!"

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் கலந்துகொண்ட ஆராய்ச்சி ஒன்று 2018-ல் வெளியானது. ஆறு கிதார்களை ஒரே மாதிரி செய்தார்கள். முதுகுக்கும் பக்கத்துக்கும் மட்டும் வேறு வேறு மரம் போட்டார்கள். பிரேசில் ஈட்டி, இந்திய ஈட்டி, மகோகனி, மேப்பிள் எல்லாம் அதில் உண்டு. எந்த மரம் என்று கண்ணுக்குத் தெரியாதபடி செய்து, 52 கிதார்க்காரர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மதிப்புப் போட்டார்கள். விலை உயர்ந்த மரத்தை எவராலும் நம்பிக்கையோடு பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவை மின்சாரம் இல்லாத கிதார்கள். கூடு அதிர்ந்துதான் அவற்றில் நாதம் வருகிறது. அங்கேயே முதுகு மரத்தின் வித்தியாசம் இவ்வளவுதான். எஃகுக் கம்பியின் அசைவைக் காந்தம் பிடிக்கும் மின்சார பேஸ் கிதாரில், வெளித் தகட்டின் பெயர் நாதத்தை எவ்வளவு மாற்றிவிடும்? கட்டையா, கூடா, நடுக்கட்டை எவ்வளவு கனம், பிக்கப் எங்கே இருக்கிறது, கம்பி புதிதா பழசா — இவையே பெரிய காரணங்கள். நாதத்துக்காக மரத்தின் பெயருக்குப் பணம் கொடுக்கிறவர், பெரும்பாலும் பெயருக்குத்தான் பணம் கொடுக்கிறார்.

சட்டம் கேட்கிறது

அப்படியானால் என்ன மரம் என்று கேட்பதே வீண் வேலையா? நாதத்துக்கு வேண்டாம், சட்டத்துக்கு வேண்டும்.

அருகி வரும் உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் ஒரு ஒப்பந்தம் செய்திருக்கின்றன. பிரேசில் ஈட்டி மரம் 1992-ல் அதன் மிகக் கடுமையான பட்டியலில் ஏறியது. பெரிய இலை மகோகனி 2003-ல் இரண்டாவது பட்டியலில் ஏறியது. 2017-ல் மற்ற ஈட்டி மரங்கள் எல்லாவற்றையும் இரண்டாவது பட்டியலில் சேர்த்தார்கள். கைக் கிதாரோடு ஊர் ஊராகப் போகும் வித்வான்கள் பட்ட பாட்டைப் பார்த்து, செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019-ல் விலக்குக் கொடுத்தார்கள். பிரேசில் ஈட்டிக்கு மட்டும் அந்த விலக்கு கிடையாது.

பரண் பெட்டியைத் திறந்த பேரனுக்கு இது முக்கியம். அமெரிக்கக் கிதார்களில் 1960-களின் நடுப்பகுதி வரை விரல் பலகைக்குப் பிரேசில் ஈட்டி போடுவது சாதாரணம். பிறகு மெல்ல மெல்ல இந்திய ஈட்டிக்கு மாறினார்கள். தோதகத்தி என்றும் சொல்லுகிறார்களே, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் அதே மரம். இரண்டையும் கண்ணால் பிரிப்பது நிபுணருக்கே கஷ்டம். ஆனால் ஒன்றை வெளிநாட்டுக்காரருக்கு விற்க அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் அனுப்பினால் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்யலாம்.

பெரிய கம்பெனிகளுக்கும் இதில் தலைவலி வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2008-ல் திருத்திய சட்டப்படி, இறக்குமதியாகும் மரம் எந்த இனம், எந்த நாட்டில் வெட்டியது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 2009-லும் 2011-லும் அதிகாரிகள் கிப்சன் தொழிற்சாலைகளைச் சோதனை போட்டார்கள். முதல் தடவை மடகாஸ்கர் கருங்காலி. இரண்டாம் தடவை இந்தியாவில் இருந்து போன ஈட்டி, கருங்காலிப் பலகைகள். 2012-ல் வழக்கு நடத்தாமல் உடன்பாடு ஏற்பட்டது. மடகாஸ்கர் மரத்துக்காகக் கம்பெனி 3 லட்சம் டாலர் அபராதம் கட்டியது.

கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார். பாட்டிக்கும் பேரனுக்கும் யார் இருக்கிறார்கள்? கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் சீட்டு ஒன்றுதான்.

அந்தச் சீட்டில் 'அசல் மகோகனி' என்று இரண்டு சொல் எழுதுவதற்குப் பதில், 'மேலும் கீழும் மூன்று அடுக்கு மேப்பிள் பிளைவுட், நடுக்கட்டை மேப்பிள், கழுத்து மகோகனி, விரல் பலகை ஈட்டி, எந்த நாட்டு ஈட்டி என்று சோதிக்கவில்லை' என்று எழுதலாம். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதில் கடைக்காரருக்கு நஷ்டம் இல்லை. பிறகு கிதாரைத் திருப்பிக்கொண்டு வந்து கவுண்டர் மேல் போட்டுச் சண்டை பிடிக்க யாரும் வரமாட்டார்கள்.

வாங்க வருகிறவர் சீட்டைப் படித்துவிட்டு, மூக்கைச் சுளிக்காமல், கிதாரை மடியில் வைத்து ஒரு பாட்டு வாசித்துப் பார்க்கட்டும். டார்ச் லைட்டும் கையில் இருக்கட்டும்.